டீச்சரம்மா பதில்கள்: நின்றுபோனால் யார் கேட்பார்கள்?

ஜூன் மாதம் வந்தாலே எனக்கு வரும் கடிதங்களின் வாசனை மாறிவிடும். மற்ற மாதங்களில் மருமகள், மாமியார், முழங்கால் வலி. ஜூனில் பள்ளிக்கூடம். இந்த முறை வந்தவற்றில் பாதி பேர் ஆசிரியர்கள். ஓய்வு பெற்று இத்தனை வருடம் ஆனாலும், மணி ஒன்பதேகால் ஆனால் கால் தானாக வாசலுக்குப் போகிற ஆள் நான். அதனால் இந்த இதழ் முழுவதையும் பள்ளிக்கூடத்துக்கே ஒதுக்கிவிட்டேன். மருமகள்கள் மன்னிக்கவும்.

நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியை, விளாத்திகுளம் பக்கம்: பதவி உயர்வில் இந்தப் பள்ளிக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. என்னோடு சேர்த்து ஆறு ஆசிரியர்கள். பள்ளியை மொத்தமாக மாற்றிக் காட்ட வேண்டும் என்று பதினெட்டு அம்சங்கள் எழுதி, முதல் கூட்டத்தில் வாசித்தேன். மூத்த ஆசிரியர் ஒருவர், "போன எச்.எம். இருபத்திரண்டு வச்சிருந்தாங்க டீச்சர்" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான் எங்கிருந்து தொடங்குவது?

அந்த மூத்த ஆசிரியரிடமிருந்தே தொடங்குங்கள் அம்மா. அவர் உங்களைக் கேலி செய்யவில்லை, வரலாறு சொல்லியிருக்கிறார். சாயங்காலம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "அந்த இருபத்திரண்டும் என்ன சார் ஆச்சு?" என்று கேளுங்கள். அவர் சொல்லப்போகும் பதில் எந்தப் பயிற்சி முகாமிலும் கிடைக்காது.

எனக்கு அந்தப் பதில் கிடைக்க ஆறு வருடம் ஆனது. 1999-ல் சாத்தூர் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் முதன்முதலாக எச்.எம். ஆனேன். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். கைக்காசு போட்டுச் சுவரில் அ, ஆ, இ ரயில் வரைந்தேன். கதைப் புத்தகப் பெட்டி வைத்தேன். வெள்ளிக்கிழமை மதியம் பாட்டும் நாடகமும். பின்பக்கம் ஒரு முருங்கைப் போத்து நட்டேன். நாலு வருடம் ஓகோ என்று ஓடியது. 2003-ல் மாறுதல். 2005-ல் அந்த ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவள், ஆசை தாங்காமல் பள்ளியை எட்டிப் பார்த்தேன். ரயிலுக்கு மேல் வெள்ளை அடித்திருந்தார்கள். கதைப் புத்தகங்கள் பீரோவுக்குள், உடைந்த உலக உருண்டைக்குப் பக்கத்தில். "பிள்ளைக கிழிச்சிருதுங்க டீச்சர், அதான் பூட்டி வச்சிருக்கோம்" என்றார் புது ஆசிரியர். முருங்கை மட்டும் கூரையைத் தாண்டி வளர்ந்து நின்றது.

பஸ்ஸில் வரும்போது இதே யோசனை. முருங்கை மட்டும் ஏன் தப்பித்தது? சத்துணவு ஆயா சாம்பாருக்குக் கீரை பறிக்கிறார். ஒரு நாள் மரம் வாடினால் அவருக்குத் தெரியும், தண்ணீர் ஊற்றுவார். கதைப் பெட்டியைத் தேட ஒருவரும் இல்லை. அதைத் தேடும் ஒரே ஆள் நானாக இருந்தேன், நானும் பஸ் ஏறிவிட்டேன்.

2008-ல் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு எச்.எம். ஆகப் போனபோது கையில் பட்டியல் எதுவும் கொண்டு போகவில்லை. ஜூன் முழுக்க ஒரே வேலை. மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஒவ்வொரு பிள்ளையாக வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னேன். எட்டாம் வகுப்பில் மீசை அரும்பிய ஒரு பையன் புத்தகத்தைப் பார்க்காமலே மனப்பாடமாக ஒப்பித்தான். பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன். தலையைக் குனிந்துகொண்டான். அப்படி அந்த வகுப்பில் ஏழு பேர்.

பெயர்களை ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுதி ஆசிரியர் அறை மேஜையில் வைத்தேன். மறுநாள் பெரிய சண்டை. கணக்கு ஆசிரியர், "நான் ஆறு முதல் எட்டு வரைக்கும் கணக்கு எடுக்கேன். அவன் வாசிக்காததுக்கு நானா பொறுப்பு?" என்றார். நியாயம். மூன்றாம் வகுப்பு டீச்சர், "எனக்கு வரும்போதே எழுத்து தெரியாமத்தான் வந்தான்" என்றார். அதுவும் நியாயம். முதல் வகுப்பு டீச்சர் தனியாளாக இரண்டு வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையனின் அப்பாவைக் கேட்டால், காலையில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனால் இரவுதான் வருகிறார். சுற்றிச் சுற்றி எல்லோரும் நியாயமானவர்கள், பையனுக்கு வாசிக்கத் தெரியாது. இதை ஒரு ஆளைத் திட்டிச் சரிசெய்ய முடியாது என்று அன்றுதான் உறைத்தது.

அடுத்து எதையும் கூட்டவில்லை, ஒன்றைக் குறைத்தேன். காலை வழிபாடு. வாழ்த்து, உறுதிமொழி, குறள், செய்தி, பொது அறிவு எல்லாம் முடிந்தபின் தலைமையாசிரியை அறிவுரை பத்து நிமிடம். வெயிலில் பிள்ளைகள் மயங்கி விழுவார்கள், அறிவுரை நிற்காது. முதல் குற்றவாளி நானே. அதை வெட்டினேன். அந்த நேரத்தையும் முதல் பாடவேளையில் கொஞ்சத்தையும் சேர்த்துத் தினமும் அரை மணி நேரம் மூன்று முதல் எட்டு வரை எல்லோரும் வாசிப்பு. வகுப்புப்படி உட்கார மாட்டார்கள், வாசிக்கும் அளவைப் பார்த்து ஆறு குழு. ஆளுக்கு ஒரு குழு, கணக்கு சாருக்கும் ஒன்று, எனக்கு எழுத்தே தெரியாத குழு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பிள்ளைகள் குழு மாறலாம், மேலே மட்டும். அந்த மீசைக்காரன் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார முதல் வாரம் கூசினான். மூன்றாவது வாரம் அவர்களுக்குப் பஞ்சாயத்து பண்ணிக்கொண்டிருந்தான்.

இது வரைக்கும் செய்தவை என்னோடு பஸ் ஏறிவிடக் கூடியவை. மிச்சத்தைச் செய்தவர்கள் தாய்மார்கள். பிள்ளை வீட்டுக்குப் போய் இரவில் ஒரு பக்கம் உரக்க வாசிக்க வேண்டும், கேட்டவர் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். பாதித் தாய்மாருக்குக் கையெழுத்து வராது. ஒரு அம்மா, ஒட்டிக்கொண்டிருந்த தீப்பெட்டி லேபிள் ஒன்றை எடுத்து அன்றைய தேதிக்கு நேராக ஒட்டி அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் பாதி நோட்டில் லேபிள். மயில், கத்திரிக்கோல், சாவி, குதிரை. எனக்கு இதைவிட நல்ல கையெழுத்து கிடைத்ததில்லை.

அடுத்த வருடம் ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று நாங்கள் ஒரு வாரம் வாசிப்பை நிறுத்தினோம். ஐந்தாம் நாள் மூன்று பேர் வாசலில் நின்றார்கள். "என்ன டீச்சர், ஒரு வாரமா பய ஒண்ணும் வாசிக்கல?" கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். ஆனால் அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆகவே உங்கள் பதினெட்டில் ஒன்றை எடுங்கள். எது சுலபமோ அதை எடுக்காதீர்கள், எது நின்றுபோனால் ஊரில் யாராவது வந்து கேட்கும்படி செய்ய முடியுமோ அதை எடுங்கள். கடினமான குழுவை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், மூத்த ஆசிரியருக்குச் சுலபமான குழுவைக் கொடுங்கள். டிசம்பர் வரைக்கும் யாரிடமும் பெருமையாகச் சொல்லாதீர்கள். மிச்சம் பதினேழும் பீரோவிலேயே இருக்கட்டும், கெட்டுப்போகாது.

ஓட்டல் தொழிலாளி, மேலூர்: பின்லாந்து மாதிரி நம் பள்ளிகள் எப்போது மாறும்?

பின்லாந்தைப் பற்றிப் பேசும் எல்லோரும் அங்கே வீட்டுப்பாடம் குறைவு என்பதில் நின்றுவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி ஒன்பது வருடப் பள்ளி என்ற திட்டத்தை அவர்கள் 1972-ல் தொடங்கியது நாட்டின் வடகோடியில், லாப்லாந்துப் பக்கம். பனியும் தூரமும் அதிகமான பகுதி. அங்கிருந்து மெல்லத் தெற்கே இறங்கித் தலைநகர்ப் பகுதிக்கு வந்து சேர 1977 ஆகிவிட்டது. ஆசிரியர் பயிற்சியைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனதும் அந்தப் பத்தாண்டில்தான். பள்ளிகளுக்கு ஆய்வாளர் அனுப்புவதை நிறுத்தியது அதற்கெல்லாம் ரொம்பப் பிறகு, தொண்ணூறுகளில். அவர்கள் கடைசியில் செய்ததை நாம் முதலில் செய்யப் பார்க்கிறோம். ஓட்டலில் இலை போட்டதும் பாயசமா வைக்கிறீர்கள்?

பெற்றோர், நிலக்கோட்டை: என்னைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராகப் போட்டிருக்கிறார்கள். கூட்டம் என்று கூப்பிடுவார்கள், பிஸ்கட் தருவார்கள், கையெழுத்து வாங்குவார்கள். எதற்குக் கையெழுத்து என்று கேட்டால் "ஆன்லைன்ல ஏத்தணும்" என்கிறார்கள். நான் பூப் பறிக்கும் வேலையை விட்டுவிட்டு இதற்குப் போக வேண்டுமா?

போங்கள் அம்மா, கட்டாயம் போங்கள். பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுமுன் தீர்மான நோட்டை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, குழுவில் முக்கால் பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. 22-ஆம் பிரிவு, பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிக்க வேண்டியது இந்தக் குழு என்கிறது. தயாரிக்க வேண்டியது நீங்கள். தயாரித்து வைத்ததில் கையெழுத்துப் போடுபவர் அல்ல. 2022-ல் தமிழ்நாடு முழுக்கக் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது தலைவராகவும் ஒரு பெற்றோரையே உட்கார வைத்தார்கள்.

முதல் கூட்டத்திலேயே பெரிய கேள்வி கேட்காதீர்கள், முகம் சுருங்கிவிடும். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று கேளுங்கள். எங்கள் பள்ளியில் அதைக் கேட்டது ஒரு பாட்டி. பேத்தி மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதே இல்லை, ஏன் என்று பார்த்தால் கழிப்பறைக்குப் போக வேண்டி வருமாம். நான் தினமும் அதே வராந்தாவில் நடக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. ஆசிரியைகளுக்குத் தனியாகப் பூட்டுப் போட்ட கழிப்பறை இருந்தது, அதனால் தெரியவில்லை. பாட்டி கூட்டத்தில் அதைச் சொன்னபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்றே அந்தப் பூட்டை எடுத்தேன். பிள்ளைகளும் டீச்சர்களும் ஒரே கழிப்பறை. பதினைந்து நாளில் மோட்டார் ரிப்பேராகி, குழாய் மாற்றி, தண்ணீர் வந்துவிட்டது. அத்தனை வேகம் அதற்கு முன் எங்கே போயிருந்தது என்று கேட்காதீர்கள்.

இன்னொன்று, பள்ளி மானியம் எவ்வளவு என்று கேளுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிப்படி 100-க்கு மேல் 250 வரை பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், அதில் குறைந்தது பத்து சதவீதம் தூய்மைக்கு. பணம் எப்போது வரும் என்பதை மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம், நானே வருடாவருடம் கேட்டுக்கொண்டிருந்தவள். வரும்போது அது எதற்குச் செலவாகிறது என்பதை வெள்ளைத் தாளில் எழுதி வாசலில் ஒட்டச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தபால்காரர், திருவையாறு: என் பேத்தி படித்தபோது செயல்வழிக் கற்றல் என்றார்கள், அட்டை, ஏணி என்றெல்லாம் இருந்தது. இப்போது பேரனுக்கு எண்ணும் எழுத்தும் என்கிறார்கள். அதற்கு முன் வேறு ஏதோ. காமராஜர் கொண்டுவந்த மதிய உணவு மட்டும் நிலைத்து நிற்கிறது, மற்றதெல்லாம் ஏன் இப்படி வந்து வந்து போகிறது?

சார், இந்த ஒரு கேள்விக்காகவே உங்கள் கடிதத்தை மூன்று நாள் தலையணைக்கடியில் வைத்திருந்தேன்.

அட்டையும் ஏணியும் நல்ல யோசனை. அதன் ஊற்று ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் உள்ள ரிஷி வேலிப் பள்ளி. அங்கே சுற்றுப்பட்டுக் கிராமங்களில் ஒரே ஆசிரியர், எல்லா வயதுப் பிள்ளைகளும் ஒரே அறையில் என்று சின்னச் சின்னப் பள்ளிகள். ஆசிரியர் ஒருவர் ஐந்து வகுப்புக்கு முன்னால் நின்று கத்த முடியாது. அதனால் பாடத்தைச் சிறு துண்டாக்கி, அட்டையில் போட்டு, எந்தப் பிள்ளை எந்தப் படியில் இருக்கிறது என்று ஒரு ஏணியில் வரைந்து, அவரவர் வேகத்தில் ஏற விட்டார்கள். சென்னை மாநகராட்சியில் எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது ஆசிரியர்களை அங்கே அனுப்பிப் பார்க்க வைத்து, 2003-ல் 13 பள்ளிகளில் தொடங்கினார்கள். பிறகு அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலப் பொறுப்புக்கு வந்ததும், 2007, 2008-ல் மாநிலம் முழுக்க வந்துவிட்டது.

கவனியுங்கள், 13 பள்ளியில் ஆசிரியர் கண்ணால் பார்த்துவிட்டு வந்து செய்தார். எங்கள் ஊருக்கு வரும்போது அது பயிற்சியாகவும் சுற்றறிக்கையாகவும் வந்தது. அதிகாரி வந்தால் முதல் கேள்வி, "பந்தல் கட்டியாச்சா?" பிள்ளைகளின் படைப்பைத் தொங்கவிடத் தலைக்கு மேலே கம்பி கட்டச் சொல்லியிருந்தார்கள், அதுதான் பந்தல். பந்தல் இருந்தால் செயல்வழிக் கற்றல் நடக்கிறது. பிள்ளை ஏணியில் எந்தப் படியில் நிற்கிறது என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு வருடத்தில் அட்டைகள் கிழிந்தன. முப்பத்தேழாவது அட்டை காணாமல் போனால் முப்பத்தெட்டாவது படிக்குப் பிள்ளை எப்படி ஏறும்? புது அட்டை வர மாதக் கணக்கில் ஆகும். நான் பழைய காலண்டர் அட்டையை வெட்டி எழுதிக்கொண்டேன். எல்லாப் பள்ளியிலும் காலண்டரும் கத்தரிக்கோலும் உள்ள ஆள் இருக்க மாட்டார்.

ஆனாலும் அது முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை அடித்தார்களே, அது இன்றும் பல பள்ளிகளில் இருக்கிறது. ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்ததும் அப்போதுதான். என் முழங்கால் வலிக்கு அதுவும் ஒரு காரணம், வருத்தம் இல்லை. 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துப் பிரிக்கிறார்களே, அது அந்த ஏணியின் பேத்தி. கொரோனாவில் பள்ளி பூட்டிக் கிடந்ததால் பிள்ளைகள் விட்டதைப் பிடிக்க வந்தது. பெயர் மாறினாலும் நோய் ஒன்றுதான், பிள்ளை ஒரு வகுப்பில் இருக்கும், படிப்பு வேறு வகுப்பில் இருக்கும்.

இப்போது சோற்றுக்கு வருகிறேன். காமராஜர் காலத்தில் 1956-ல் மதிய உணவு தொடங்கும்போது ஊர்க்காரர்கள் கொடுத்த அரிசியும் பருப்பும்தான் பெரும் துணை. அப்போது கல்வித் துறையில் இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு, பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று மாவட்டம் மாவட்டமாக நடத்தினார். மேஜை, நாற்காலி, கடிகாரம் என்று ஊர்க்காரர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். எங்கள் அப்பா தங்கள் ஊரில் ஒரு மணி வாங்கிக் கொடுத்த கதையைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார், அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஆள் போட்டார். 1989-ல் கருணாநிதி பதினைந்து நாளுக்கு ஒரு முட்டை சேர்த்தார். 2022 செப்டம்பரில் ஸ்டாலின் மதுரையில் காலை உணவைத் தொடங்கினார், மறு ஆண்டு அது அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்தது. ஆட்சி மாற மாற மற்றவை போனாலும் இது கூடிக்கொண்டே வந்தது.

ஏன் என்று நான் யோசித்த வரைக்கும் ஒன்றுதான். ஒரு நாள் உலை வைக்கவில்லை என்றால் பன்னிரண்டரைக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். வயிறு சொல்லிவிடும். ஒரு வருடம் வாசிக்கக் கற்றுத்தரவில்லை என்றால்? பிள்ளைக்கே தெரியாது. பத்தாம் வகுப்பில்தான் தெரியும், அதற்குள் எல்லோரும் மாறுதலாகிப் போயிருப்பார்கள். சோற்றுக்கு ஒரு ஆள், ஒரு பாத்திரம், ஒரு நேரம், கேட்க ஆயிரம் வாய். வாசிப்புக்கு ஒரு சுற்றறிக்கை.

பட்டதாரி ஆசிரியர் (கணக்கு), உயர்நிலைப் பள்ளி, கடலூர் மாவட்டம்: மீளாய்வுக் கூட்டத்தில் தேர்ச்சி விகிதம் குறைந்த பள்ளிகளை எழுந்து நிற்கச் சொல்கிறார்கள். அதற்குப் பயந்து எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பிலேயே "தேறாது" என்று நினைக்கும் பையன்களின் பெற்றோரை அழைத்து டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். மனது கேட்கவில்லை. நான் சாதாரண ஆசிரியர், என்ன செய்ய முடியும்?

கணக்கு ஆசிரியருக்குக் கணக்கிலேயே சொல்கிறேன் தம்பி. பின்னம் பெரிதாக வேண்டும் என்றால் இரண்டு வழி. மேல் எண்ணைக் கூட்டலாம், அதற்குப் பாடம் நடத்த வேண்டும். கீழ் எண்ணைக் குறைக்கலாம், அதற்கு டி.சி. புத்தகம் போதும். 52 பேர் ஆறாம் வகுப்பில் சேர்ந்து, 38 பேர் பத்தாம் வகுப்பு எழுதி, 38 பேரும் தேறினால் நூறு சதவீதம், கைதட்டல். 14 பேர் எங்கே என்று கேட்க அந்தக் கூட்டத்தில் ஒரு நாற்காலியும் இல்லை.

கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதிலிருந்து பதினான்கு வரை, எட்டாம் வகுப்போடு கையை விட்டுவிடுகிறது. பையன் வழுக்கும் இடமும் சரியாக அந்த ஒன்பதாம் வகுப்புதான். எங்கள் பள்ளியில் எட்டு முடித்துப் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போன இரண்டு பையன்களை ஆகஸ்டில் பட்டாசு ஆலை வேனில் பார்த்தேன். கேட்டேன். "எச்.எம். சார் அப்பாவக் கூப்பிட்டுப் பேசினாரு டீச்சர்" என்றான் ஒருவன். ஒருவனைத் திரும்பச் சேர்க்க முடிந்தது. இன்னொருவன் குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டான்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, கணக்கு ஆசிரியராக. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்துக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணை எழுதுங்கள்: இந்தச் செட் ஆறாம் வகுப்பில் எத்தனை பேர், இன்று எத்தனை பேர். சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கிறது, ரகசியம் ஒன்றுமில்லை. ஆசிரியர் அறையில் ஒட்டுங்கள். மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசியுங்கள். யாரையும் குறை சொல்லாதீர்கள், எண்ணை மட்டும் சொல்லுங்கள். முதல் முறை எல்லோரும் கூரையைப் பார்ப்பார்கள். 2017-ல் முதலிடம், இரண்டாமிடம் என்று மாநில ரேங்க் அறிவிப்பதையே அரசு நிறுத்தியது நினைவிருக்கிறதா? அதற்கு முந்தின வருடம் வரை அதை நிறுத்தவே முடியாது என்று பேசியவர்களை எனக்குத் தெரியும். நிறுத்தினார்கள், வானம் இடிந்து விழவில்லை. எண்ணை மாற்றினால் ஆட்கள் ஓடும் திசையும் மாறும்.

உங்கள் எச்.எம். மேல் கோபம் வேண்டாம். கூட்டத்தில் எழுந்து நிற்பவர் அவர்தான். நானும் ஒருமுறை நின்றிருக்கிறேன். கால் நடுங்கும்.

இடைநிலை ஆசிரியை, ஊத்தங்கரை: காலையில் செயலியில் வருகைப்பதிவு, பிறகு எமிஸ் என்கிற கல்வித் துறை இணையத் தளத்தில் அது இது என்று பதிவேற்றம். பாடம் எப்போது நடத்துவது?

அந்தக் காலத்தில் தபால் ரன்னர் கையில் படிவம் வரும், மாதம் முழுக்க நிரப்புவோம். இப்போது போனில் வருகிறது, பத்து நிமிடத்தில் கேட்கிறார்கள். தலைமையாசிரியரின் வேலைகளில் பாதி, மேலே இருந்து வரும் இந்த மழைக்கு வகுப்பறை மேல் குடை பிடிப்பதுதான் என்று நினைப்பவள் நான். உங்கள் எச்.எம்.மிடம் ஒன்று மட்டும் கேட்டு வாங்குங்கள்: வருகைப்பதிவு முடிந்ததும் முதல் இரண்டு பாடவேளை யார் போனும் வெளியே வராது. மற்ற பதிவேற்றம் எல்லாம் மதியத்துக்கு மேல், வாரம் ஒருவர் முறை வைத்து. எங்கள் பள்ளியில் கடைசி வருடம் அப்படித்தான் செய்தோம். ஒரே ஒரு முறை "தாமதம்" என்று திட்டு வாங்கினேன். திட்டு என்னோடு நின்றது, வகுப்புக்குள் போகவில்லை.

ஏழாம் வகுப்பு மாணவி, எட்டயபுரம் பக்கம்: எங்க ஸ்கூல்ல லைப்ரரி பீரோ எப்பவும் பூட்டியே இருக்கு. சாவி எச்.எம். டீச்சர்கிட்ட இருக்கு. எப்படிக் கேக்கறதுன்னு பயமா இருக்கு. சொல்லுங்க டீச்சர்.

கண்ணு, சாவியைக் கேட்காதே, புத்தகத்தைக் கேள். பீரோக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து ஒரு புத்தகத்தின் பெயரை எழுதிக்கொள். கண்ணாடி இல்லாத பீரோ என்றால், "என்னென்ன புத்தகம் இருக்குன்னு நாங்க பட்டியல் எழுதித் தரட்டுமா டீச்சர்?" என்று கேள். எந்த எச்.எம்.முக்கும் பட்டியல் என்றால் ஆசை, ஆய்வுக்குக் காட்டலாம். தனியாகப் போகாதே, நாலு பேராகப் போங்கள். "கிழிச்சிருவீங்க" என்று சொன்னால், பிரவுன் தாள் அட்டை போட்டுத் தருகிறோம் என்று சொல்லுங்கள். பழைய செய்தித்தாளும் போதும். ஒரு நோட்டு போட்டு யார் எடுத்தார்கள், எப்போது கொடுத்தார்கள் என்று நீங்களே எழுதுங்கள். உங்களில் ஒருத்தி ஆறாம் வகுப்பில் இருக்கட்டும், நீங்கள் எட்டு முடித்துப் போனபிறகு நோட்டை அவள் பார்த்துக்கொள்வாள்.

ஒரு மாதம் பார். அதற்கும் திறக்கவில்லை என்றால் எனக்கு இன்னொரு கடிதம் போடு. சாத்தூரில் இருந்து கோவில்பட்டி பஸ், அங்கிருந்து எட்டயபுரம் பஸ். நான் வந்துவிடுகிறேன்.